அடித்துத் திருத்திய இருபத்துமூன்று படிவங்கள்

கள்ள ஓட்டுப் போட்டு ஜெயித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கள்ள ஓட்டுப் போட்டும் தோற்றவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால், கள்ள ஓட்டுக்கான சகல ஏற்பாடுகளையும் தானே செய்து, அவற்றைத் தானே பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்து, அதில் ஒரே ஒரு ஓட்டுகூடத் தனக்கு விழாத ஆள் நான் ஒருவன்தான். அதுவும் சட்டசபைக்கோ பஞ்சாயத்துக்கோ நடந்த தேர்தல் இல்லை. அறிவியல் கதைக்கும் மாயக் கதைக்கும் கொடுக்கிற ஒரு விருதுக்கு.

விருது என்றதும் மேடை, மந்திரி, டிவி கேமரா என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். திருப்பதியில் 'வால்மீன் வாசகர் வட்டம்' என்று ஒன்று இருக்கிறது. வேற்றுக்கிரகம், கால எந்திரம், பறக்கும் மலை, பேசும் நதி என்று எழுதப்படும் தமிழ்க் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிற முப்பது நாற்பது பேர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். வருடத்துக்கு ஒரு விருது. பரிசு என்பது ஒரு கேடயம், ஒரு சால்வை.

இந்த விருதுக்கு நடுவர் கிடையாது. வாசகர்கள்தான் எல்லாம். கதைகளைப் படித்த யார் வேண்டுமானாலும் ஒரு படிவத்தில் தனக்குப் பிடித்த மூன்று கதைகளையும், ஏன் பிடித்தது என்று ஒரு வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். எல்லாப் படிவங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் பிரித்துப் படிப்பார்கள். அதிகம் பேர் சொன்ன ஐந்து கதைகள் பரிந்துரைப் பட்டியலுக்குப் போகும். அடுத்த மாதம் அந்த ஐந்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சொந்த ஊர் பிச்சாட்டூர் பக்கம். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஆன்லைன் சென்டரில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். படித்தது தெலுங்கு மீடியம். எங்கள் ஆந்திர எல்லைக் கிராமங்களில் வீட்டில் தமிழ் பேசுவோம், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுதுவோம். பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நான் திருவள்ளூர் மாமா வீட்டுக்கு லீவுக்குப் போனபோது பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்தத் தகுதியை வைத்து ஒரு கதையும் எழுதிவிட்டேன்.

கதையின் பெயர் 'ஆரணியாற்று அபாயம்'. தன் கிரகத்தில் தண்ணீர் தீர்ந்துபோன ஒரு கூட்டம் பறக்கும் தட்டில் வந்து, பிச்சாட்டூர் அணையின் தண்ணீரை உறிஞ்சப் பார்க்கிறது. மனோகர் என்ற ஆறடி உயர இளம் விஞ்ஞானி (நான் ஐந்தடி நான்கு அங்குலம்) அவர்களைத் தன்னந்தனியாக விரட்டுகிறான். ஒரு இணைய இதழில் வந்தது. வந்த அன்றைக்கு அதை நான் பதினோரு முறை படித்தேன். அந்த இதழில் இருந்த மற்ற கதைகளை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும் நான் வட்டத்தின் கூட்டத்துக்குப் போய்ப் பரிந்துரைப் படிவம் கொடுத்திருக்கிறேன். தலைப்பு கம்பீரமாக இருக்கும் மூன்று கதைகளை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'வார்த்தைகளால் வர்ணிக்க இயலாத படைப்பு' என்று போட்டுவிடுவேன். படிக்காத கதையைப் பற்றிச் சொல்ல அதைவிட நேர்மையான வரி கிடைக்காது.

இந்த முறை கணக்கு வேறு. முந்தைய வருடம் ஐந்தாவதாகப் பட்டியலில் நுழைந்த கதையைச் சொன்னவர்கள் பத்துப் பேருக்குமேல் இருக்கவில்லை. எனக்கு ஒரு இருபது பேர் கிடைத்தால் போதும். அந்த இருபது பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் அக்காவின் மேசையில்.

அக்கா மஞ்சுளா, சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகும் வழியில் ஒரு மாங்கூழ் ஃபாக்டரியில் ஷிப்ட் மேஸ்திரி. சீசனில் தோத்தாபுரிப் பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். கழுவி வரும் பழத்தில் அழுகலை வெட்டி எடுக்கிற நீள மேசையில் அக்காவுக்குக் கீழே இருபத்தோரு பெண்கள். அக்காவோடு சேர்த்தால் இருபத்திரண்டு. வேலை செய்கிற இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் இருப்பது மனிதனை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதற்கு நானே சாட்சி. முதல் இடத்தில் என் கதையின் பெயரையும், 'வார்த்தைகளால் வர்ணிக்க இயலாத படைப்பு' என்ற காரணத்தையும் என் கையால் எழுதி, இருபத்திரண்டு பிரதி எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபாக்டரிக்குப் போய் அக்காவிடம் நீட்டினேன்.

"இன்னாடா இது?"

"ஒண்ணுமில்லக்கா. எல்லார்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக் குடு. நம்ம கதைக்கு ஒரு பரிசு வருது."

அக்கா அதைத் தன் ஆட்களிடம் நீட்டினாள். ஒருத்தரும் பேனாவைத் தொடவில்லை. மேசையின் முதல் ஆள் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். ஐந்தாவது வரை தெலுங்கில் படித்தவர். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதுல இன்னா எழுதி கீது தம்பி?"

"இந்தக் கதைய நான் படிச்சேன், எனக்குப் புடிச்சிருக்குன்னு எழுதி இருக்குதுக்கா."

"நாங்க படிக்கலியே."

"சும்மா ஒரு கையெழுத்துதானக்கா."

கன்னியம்மா சிரித்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "எங்க நைனாகிட்ட ஒருத்தன் இப்பிடித்தான் சொன்னான். சும்மா ஒரு பெருவிரல்தானன்னு. அந்தப் பேப்பர்ல இன்னா இருந்துச்சின்றது, நெலம் போன அப்பறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சிது. அன்னிலேர்ந்து எங்க வூட்டுல எத்தையும் தெரியாம கையெழுத்துப் போடறதில்ல. நீ கதைய படி. கேக்கறோம். புடிச்சா போடறோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண், "மூணு கோடு போட்டு கீதே, இன்னும் ரெண்டு கதை எதுண்ணா?" என்று கேட்டாள். "மொத்தம் எத்தினி கதை?" என்றாள் இன்னொருத்தி. முப்பத்தொன்று என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்போ முப்பத்தொண்ணையும் கேட்டாத்தான எது நல்லதுன்னு சொல்ல முடியும்?" என்றார் கன்னியம்மா. எங்கள் வட்டத்தின் விதிப்புத்தகத்தில் இருந்த ஒரே தத்துவம் அதுதான். அதை இரண்டு வருடம் உறுப்பினராக இருந்த நான் கவனிக்கவில்லை, படிவத்தைக் கையில் வாங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஆக, மறுநாளிலிருந்து நான் கதை வாசிப்பவன் ஆனேன். முதலாளியிடம் வயிற்றுக் கோளாறு, மதியம் அக்கா வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டு (அதுவும் பொய்தான், வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்) தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஷெட்டுக்கு வெளியே தகரக் கூரை நிழலில் இருபத்திரண்டு பேர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரை மணி நேரம். போனில் இருக்கும் கதையை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். தெலுங்கு மட்டுமே தெரிந்த இரண்டு பேருக்கு அக்கா நடுநடுவே தெலுங்கில் சொல்லுவாள்.

முதல் நாள் என் கதையைத்தான் படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, பறக்கும் தட்டு இறங்கும்போது வாயாலேயே சத்தம் கொடுத்து, மனோகர் வீர வசனம் பேசும்போது எழுந்தே நின்று படித்தேன். முடித்தேன். ஒருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கன்னியம்மா, "முடிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். பிரமித்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். வண்டியில் திரும்பி வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. மற்ற கதைகளை நானும் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். வாயால், சத்தமாக, இருபத்திரண்டு முகங்களைப் பார்த்துக்கொண்டு. போனில் விரலால் தள்ளிவிட்டுப் போகிற மாதிரி போக முடியாது. ஒரு வரியைத் தாண்டினால், "ஆகு ஆகு, நில்லு, அந்த ஆளு எப்ப செத்தான்?" என்று பிடித்துவிடுவார்கள். கால எந்திரத்தில் போனவன் தன் அப்பாவின் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைப்பு கம்பீரமாக இருந்த ஒரு கதையை, "இத்த எழுதினவருக்கே புரியல தம்பி, அடுத்ததுக்கு வா" என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் புரியவில்லைதான். ஆனால் அதைச் சொல்லலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பத்தொன்பதாவதோ இருபதாவதோ வந்த கதை 'மழைக்காரி'. எழுதியவர் வேதவல்லி என்று போட்டிருந்தது. தலைப்பைப் பார்த்து ஏதோ கிராமத்துக் கதை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அது விண்வெளிக் கப்பலில் நடக்கும் கதை. என்ன கதை என்பதைப் பின்னால் கன்னியம்மாவே சொல்வார், அதுதான் முறை. நான் சொல்ல வேண்டியது இதுதான்: கடைசிப் பத்திக்கு வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி படித்தேன். முடிந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான சைரன் ஊதியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது சிலருக்கு. சைரன் ஊதி அரை நிமிடத்தில் எல்லோரையும் மேசைக்கு விரட்டுகிற என் அக்கா, தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று விசிலடிக்கவில்லை. இப்படியும் ஒருவரால் எழுத முடியுமா என்று யோசித்தபடியே ஆன்லைன் சென்டருக்கு வந்து, யாருடைய ஆதார் கார்டிலோ ஊர் பெயரைத் தப்பாக அடித்தேன்.

ஆனாலும் மனிதனுடைய பேராசைக்கு வைத்தியம் கிடையாது பாருங்கள். படிவத்தில் மூன்று இடம் இருக்கிறதே! முதல் இடத்தில் என் கதை ஏற்கெனவே இருக்கிறது, மழைக்காரி இரண்டாவதில் வரட்டும் என்று பெருந்தன்மையாக முடிவு செய்தேன். முப்பத்தொன்றும் முடிந்ததும் அக்கா படிவங்களை ஒரு பெரிய கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

"பிரிச்சுப் பாக்காத. அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதி இருக்காங்க. சத்தியம் பண்ணு."

செய்தேன். அந்த ஒரு சத்தியத்தை மட்டும் நான் ஏன் காப்பாற்றினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சட்டை போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். கவர் மடியில். சட்டைப்பையில் ஒரு நன்றியுரை. (ஆமாம். பரிந்துரைப் பட்டியலில் வருவதற்கே நன்றியுரை.) காணிப்பாக்கம் தாண்டியதிலிருந்து அதன் முதல் வரியை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்: 'இதை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.'

வட்டத்தை நடத்துகிறவர் சீனிவாசலு சார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். அவர் பக்கத்தில் கோபிநாத். விதிப்புத்தகத்தின் காவலர். படிவத்தை ஊதா மையில் எழுதினால்கூட விதி பார்ப்பவர். நான் கவரைக் கொடுத்ததும் சாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இருபத்திரெண்டு பேரா! சூடு கோபி, இங்க பாரு, சித்தூர்ல நமக்கு இத்தனை ரீடர்ஸ் இருக்காங்க. சபாஷ் முரளி!"

மற்ற படிவங்கள் முதலில் படிக்கப்பட்டன. என்னுடைய சொந்தப் படிவமும் அதில் இருந்தது. முதல் இடத்தில் என் கதை, மற்ற இரண்டு இடமும் காலி. 'மழைக்காரி'க்கு அதுவரை இரண்டே பேர். பிறகு சார் என் கவரைப் பிரித்து முதல் படிவத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"இதுல… ஆரணியாற்று அபாயம்னு எழுதி, அடிச்சிருக்காங்க. வார்த்தைகளால் வர்ணிக்க இயலாத படைப்பு… இதையும் அடிச்சிருக்காங்க. மேல தெலுங்கு எழுத்துல 'மழைக்காரி'ன்னு இருக்கு." அடுத்ததை எடுத்தார். "இதுலயும் ஆரணியாற்று அபாயம். அடிச்சிருக்காங்க." அடுத்தது. "அடிச்சிருக்காங்க." அடுத்தது. "இது ரெண்டு தடவை அடிச்சிருக்காங்க."

நான் புதுச்சட்டையின் முதல் பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்கள். டியூஷன் சென்டர் மாடி. பிளந்தால் கீழே பத்தாம் வகுப்பு பேட்ச் நடந்துகொண்டிருந்தது.

கோபிநாத் எழுந்தார். படிவங்களை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார்.

"சார், எல்லாத்துலயும் ஒரே கையெழுத்து. யாரோ ஒருத்தர் நிரப்பி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்காங்க. மேல எழுதினது தமிழ் எழுத்தும் இல்லை. இது தமிழ்க் கதைக்கான விருது. இவங்க படிச்சாங்கன்னு என்ன ஆதாரம்? மொத்தக் கவரையும் தள்ளுபடி பண்ணணும்."

சீனிவாசலு சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, அதுதான் கொடுமை. "பாபம் முரளி," என்றார். "உன் பேர கெடுக்கறதுக்கு எவனோ பண்ணியிருக்கான். நீ அப்படிப்பட்ட ஆள் இல்ல, எனக்குத் தெரியும். விடு. கவர் செல்லாதுன்னு எழுதிடலாம். யாரும் எதுவும் பேச வேணாம்."

தப்பிக்க வழி அகலமாகத் திறந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு சோகமாக உட்கார்ந்திருந்தால் போதும், சதியில் சிக்கிய அப்பாவி என்று டீகூட வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கோபிநாத் அந்தப் படிவங்களைக் கொத்தாக மடித்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். மேலே இருந்த படிவத்தில் கன்னியம்மாவின் கையெழுத்து தெரிந்தது. கட்டைவிரல் ரேகை இல்லை. கோணல்மாணலாக, முழுப் பெயரும், தெலுங்கில். தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர், முப்பத்தொரு கதையையும் தெரிந்துகொண்டு போட்ட கையெழுத்து. அதை ஒரு ஓரத்தில் தள்ளுகிறார்கள். என்னால்.

எழுந்து நின்றேன். பேச வாயைத் திறந்தால், காலையிலிருந்து உருப்போட்டது தானாகவே வந்து விழுந்தது.

"இதை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அன்றைக்கு நான் பேசிய முதல் உண்மை அதுதான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜெராக்ஸ், அக்கா, மாங்கூழ் ஃபாக்டரி, வயிற்றுக் கோளாறு, எல்லாம். "நிரப்பினது நான். அடிச்சது அவங்க. என்னைத் தள்ளுபடி பண்ணுங்க சார், அவங்களைப் பண்ணாதீங்க. இங்க இருக்கறவங்கள்ல முப்பத்தொரு கதையும் தெரிஞ்சவங்க எத்தனை பேர்னு தெரியாது. அவங்க இருபத்திரண்டு பேருக்கும் தெரியும்."

சீனிவாசலு சார் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்ததை நான் பார்த்தேன். கோபிநாத்தின் கோபத்தைவிட அது பலமாக அடித்தது. பிறகு, "அவுனா, அப்படியா?" என்றார். "சரி. போன் போடு. ஸ்பீக்கர்ல வை. நான் கேக்கறேன்."

அக்கா எடுத்தாள். சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, அது சாப்பாட்டு நேரம். போனைக் கன்னியம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். சார் குனிந்து, பரீட்சை ஹாலில் கேட்பதுபோல் கேட்டார். "அம்மா, மழைக்காரி கதையில என்ன நடக்குது? சொல்ல முடியுமா?"

"ஏன் சார், நீங்க படிக்கலியா?" என்றது கன்னியம்மாவின் குரல். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவர் ஆரம்பித்தார்.

"கப்பல் ஒண்ணு வானத்துல போய்க்கினே கீது சார். எப்ப போய்ச் சேரும்னு உள்ள இருக்கறவங்களுக்கே தெரியாது. அவங்க முப்பாட்டன் காலத்துல ஏறினது. உள்ளயே பொறந்து, உள்ளயே செத்துப் போறாங்க. மழைன்னா இன்னான்னு ஒருத்தரும் பாத்ததில்ல. ஆனா அந்த வார்த்த மறந்துடக் கூடாதுன்னு ஒரு பொம்பளைய வேலைக்கி வெச்சிருக்காங்க. வருசத்துக்கு ஒரு நாளு அவ மழைய பத்திப் பேசணும். அவளும் பாத்தவ இல்ல சார். முந்தி இருந்தவ சொன்னத்த இவ சொல்லிக்கினு கீறா. ஒரு வருசம் ஒரு பாப்பா கேக்குது, 'நனஞ்சா எப்பிடி இருக்கும்?'னு. இவளுக்கு பதில் தெரியல."

பின்னணியில் லாரியின் ஹாரன் கேட்டது. மாடியில் விசிறி சுற்றும் சத்தம்.

"அங்க தண்ணி அளவுதான் சார். குடிக்கறதுக்கு மட்டும். இவ தினமும் தன் பங்குல கொஞ்சம் கொஞ்சமா குடிக்காம எடுத்து வெக்கிறா. நாக்கு வறண்டு போவுது. ஒரு நாளு ஒரு தகரத்துல ஓட்ட போட்டு, மேல ஏறி நின்னு, அந்தப் பாப்பா தலமேல ஊத்தறா. அது குத்தம் அங்க. பஞ்சாயத்துல நிக்க வெக்கிறாங்க. 'அவ்வளோ தண்ணிய இன்னா பண்ண?'ன்னு கேக்கறாரு பெரியவரு. அவ சொல்றா, 'நான் ஒண்ணும் பண்ணல. மழ பேஞ்சிச்சி.' அந்தப் பாப்பா அங்கயே நிக்கிது, தலமுடி ஈரமா. தீர்ப்பு சொல்ல வேண்டியவரு எறங்கி வந்து, அது தலைல கை வெச்சிப் பாக்கறாரு. அவ்வளோதான் சார். அதோட முடிச்சிட்டாங்க. தீர்ப்ப சொல்லல. அதான் எனக்குப் புடிச்சிது."

நான் அந்தக் கதையைப் படித்தவன். ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது. கோபிநாத் விதிப்புத்தகத்தை மூடி வைத்திருந்தார். எப்போது மூடினார் என்று தெரியாது.

"அம்மா," என்றார் சார், குரல் மாறிப்போய். "நம்ம முரளி கதை பத்தி…"

வேண்டாம் சார் என்று நான் சைகை காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"அதுவா?" கன்னியம்மா தயங்கினார். "தம்பி நல்ல புள்ள சார். தினம் வெயில்ல வந்து படிச்சான். ஆனா அந்தக் கதையில வேத்து கிரகத்துக்காரங்க மே மாசத்துல வந்து பிச்சாட்டூர் டேம்ல தண்ணி எடுக்கறாங்க. மே மாசத்துல அங்க தண்ணி ஏது சார்? பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருப்பாங்க."

அந்த மாடியில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னும் பின்னும் எழுந்ததில்லை. கீழே டியூஷன் வாத்தியார் என்னவோ என்று மேலே ஓடி வந்துவிட்டார். கோபிநாத் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். எத்தனையோ ஒளியாண்டு தூரம் பறந்து வந்து, வறண்ட அணையில் இறங்கி, ஃபீல்டிங் நிற்கும் பசங்களிடம் வழி கேட்கும் என் வேற்றுக்கிரகவாசிகளை நினைத்து நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

இருபத்திரண்டும் செல்லும் என்று சார் அறிவித்தார். பிறகு காரணங்களை ஒவ்வொன்றாக, தெலுங்கு எழுத்திலிருந்த தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'நான் பாத்த மழைய எல்லாம் சும்மா பாத்துட்டேன்.' 'தலைல கை வெச்சவர் நல்ல மனுசன்.' 'அன்னிக்கி சாயங்காலம் மழ வந்துச்சி. எம்பொண்ண உள்ள வான்னு கூப்புடல.' கடைசிப் படிவம் அக்காவுடையது. 'என் தம்பி கதைய அடிக்க மனசு வரல. ஆனா அடிச்சிட்டேன்.'

கடைசி வரிசையில், ஜன்னலோரம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, ஒன்றும் பேசாமல் போகிறவர். ஏதோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் என்று மட்டும் தெரியும். அவர்தான் வேதவல்லி. இரண்டு வருடம் அதே அறையில் உட்கார்ந்திருந்தும் நான் அவரிடம் பெயர் கேட்டதில்லை.

நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அவாள்லாம் எங்க இருக்கா?" என்றார். "என்னை அங்க அழைச்சுண்டு போறேளா? இந்தக் கதைய ரெண்டு பேர் படிச்சிருப்பான்னு நெனச்சேன். அதுல ஒருத்தி நான்."

சார் என் படிவத்தை என்னிடம் நீட்டி, "இதை என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். பேனாவை வாங்கினேன். ஆரணியாற்று அபாயத்தை அடித்தேன். மேலே 'மழைக்காரி' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில், 'படித்தேன்' என்று எழுதினேன்.

மழைக்காரி பட்டியலில் முதலாவதாக நுழைந்தது. ஆனால் இறுதி ஓட்டில் இரண்டாவதாகத்தான் வந்தது. கால எந்திரத்தில் போய்ப் பந்தி பரிமாறிய கதைக்குக் கேடயம். அந்த முடிவை மாங்கூழ் ஃபாக்டரி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. வேதவல்லி அம்மாள் ஒவ்வொரு சீசனிலும் ஒரு நாள் அந்தத் தகர நிழலுக்கு வந்து, எழுதி முடிக்காத கதையைப் படித்துக் காட்டிவிட்டுப் போகிறார். மற்ற நாட்களுக்கு வாசிப்பவன் நான்தான். சீனிவாசலு சார் என்னை மன்னிக்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டார். மன்னித்ததும் செய்த முதல் காரியம், படிவத்தின் கீழே ஏழாவதாக ஒரு விதியை அச்சடித்ததுதான்:

'முரளி விதி: முன்கூட்டியே நிரப்பிய படிவம் செல்லாது. கண்ணால் படித்திருந்தாலும் காதால் கேட்டிருந்தாலும், எந்த எழுத்தில் எழுதினாலும், கதையைச் சொல்லத் தெரிந்தவருடைய படிவம் செல்லும்.'

புதிதாக வட்டத்துக்கு வருகிறவர்கள், யார் இந்த முரளி, பெரிய எழுத்தாளரா என்று கேட்கிறார்கள். எனக்குப் பெண் பார்த்தபோது மாமனார் அந்தப் படிவத்தை எங்கோ பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பெயரில் சட்டமே இருக்கிறது என்று நாகலாபுரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். என்ன சட்டம் என்பதைக் கல்யாணப் பந்தியில் அக்கா விளக்கினாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட முடியாது. கேஸ் சிலிண்டர் ரசீது முதல் வாடகை ஒப்பந்தம் வரை.

போன வாரம் என் மகள் பிராக்ரஸ் கார்டை நீட்டினாள். மூன்றாம் வகுப்பு. கணக்கு மார்க்கின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தாள். "சீக்கிரம் போடு நைனா, பஸ் வந்துக்கினு கீது."

நான் பேனாவை எடுத்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள். "முரளி விதி!"

மகள் பெருமூச்சு விட்டு விரலை எடுத்தாள். நூற்றுக்குப் பதினேழு. நான் மார்க்கைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏன் நைனா," என்றாள், "நீ கம்முனு உக்காந்திருந்தா இந்த ரூலே வந்திருக்காது இல்ல?"